வெட்டிய ஓரம்

கோவையிலோ அம்பத்தூரிலோ ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்த ஃபிட்டரிடம், வெட்டிய இரும்புத் துண்டு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். டேப்பை எடுப்பதற்கு முன்பே கட்டைவிரலால் ஓரத்தை ஒரு முறை தடவுவார். தடவியதும் சொல்லிவிடுவார், இது பிளாஸ்மா, இது லேசர், இது வாட்டர்ஜெட் என்று. ஓரம் லேசாகச் சரிந்து, மேல் விளிம்பு மழுங்கி, அடியில் உருகி உறைந்த கசடு ஒட்டியிருந்தால் பிளாஸ்மா. நெருக்கமான மெல்லிய கோடுகளோடு செங்குத்தாக நின்றால் லேசர். சொரசொரவென்று மங்கலாக, சூடு பட்ட நிறமே இல்லாமல் இருந்தால் வாட்டர்ஜெட்.

அந்தக் கட்டைவிரலுக்குத் தெரிவது, வெட்டும்போது இரும்புக்கு என்ன நேர்ந்தது என்பதே. கத்தியும் கத்தரியும் பொருளை விலக்கிப் பிரிக்கின்றன. இந்த மூன்று முறைகளிலும் அலகு என்று ஒன்று கிடையாது. வெட்டுக்கோட்டில் இருக்கும் பொருளை ஒரு மெல்லிய பட்டையாக அகற்றித்தான் தகட்டை இரண்டாக்குகிறார்கள். 10 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டில் ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். பிளாஸ்மா ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு இரும்பைத் தின்னும். கணக்குப் போட்டால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வாட்டர்ஜெட்டின் வெட்டு 1 மில்லிமீட்டர் அகலம். 80 கிராம் இரும்பு போகும். லேசருக்கு 0.3 மில்லிமீட்டர் போதும். 25 கிராம்கூட இல்லை. இந்த இரும்பு உருகிப் போனதா, எரிந்து போனதா, துகள் துகளாக அரிபட்டுப் போனதா? போகும்போது பக்கத்துச் சுவரில் எதை விட்டுச் சென்றது? மூன்று தொழில்நுட்பங்களுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்தக் கேள்விகளுக்குள் இருக்கிறது.

மூன்றுக்கும் மூத்தது கேஸ் கட்டிங். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கப்பல் கட்டுமிடங்களிலும் பாலம் கட்டுமிடங்களிலும் கோலோச்சியது அதுதான். கனத்த இரும்புக்கு இன்றும் அதைவிட மலிவான வழி இல்லை. பார்ப்பதற்கு இரும்பை உருக்குவதுபோல் தோன்றும், நடப்பது வேறு. சிவக்கச் சூடேறிய இரும்பின் மேல் தூய ஆக்சிஜனைப் பீய்ச்சினால் இரும்பே எரிபொருளாகி எரியத் தொடங்கும். உண்டாகும் ஆக்சைடு, இரும்பைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகுவதால் வழிந்து வெளியேறிவிடும். எவர்சில்வரிடமும் அலுமினியத்திடமும் இந்த உபாயம் பலிக்காது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸிலேயே உருகும். அதன் மேல் படியும் ஆக்சைடு உருக 2,000 டிகிரியைத் தாண்ட வேண்டும். உள்ளே உலோகம் குழம்பாகிவிட, மேல்தோல் கெட்டியாக நின்று ஆக்சிஜனை மறித்துவிடும். எவர்சில்வரில் குரோமியம் ஆக்சைடு அதே வேலையைச் செய்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வளர்ந்த விமானத் தொழிலுக்கும் வேதித் தொழிலுக்கும் தேவைப்பட்டவையோ இந்த இரண்டு உலோகங்கள்தாம்.

1950களின் நடுவில் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் லிண்டே பிரிவில் இருந்த ராபர்ட் கேஜ் இதற்கு வழி கண்டார். டங்ஸ்டன் மின்முனையில் எரியும் வெல்டிங் மின்வில்லை ஒரு செப்பு நாசிலின் சிறு துளை வழியே பிதுக்கி அனுப்பினார். பரந்து நின்ற மின்வில், நெருக்கப்பட்டதும் வெப்பத்திலும் வேகத்திலும் பலமடங்கு ஏறியது. 1957ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அந்தத் துளையிலிருந்து வெளிவருவது சாதாரண வாயு அன்று. அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து வெளியேறி, மின்சாரத்தைக் கடத்தக்கூடியதாக மாறிய வாயு. இர்விங் லாங்மியூர் 1928ல் பிளாஸ்மா என்று பெயரிட்ட நிலை இது. மின்னலும் விண்மீன்களும் இந்த நிலையில்தான் இருக்கின்றன. ஆக்சைடு உருகுமா உருகாதா என்ற கேள்விக்கே இந்த வெப்பத்தில் இடமில்லை. எல்லாம் உருகும்.

நாசிலுக்குள் நடப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. துளையின் குறுக்களவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதன் நடுவில் ஓடும் பிளாஸ்மாவின் வெப்பம் 20,000 டிகிரியைத் தாண்டும். சூரியனின் மேற்பரப்பே ஏறத்தாழ 5,500 டிகிரிதான். துளையின் சுவரோ செம்பு. 1,085 டிகிரியில் உருகிவிடும். இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் தூரம்கூட இல்லை. ஆனாலும் செம்பு உருகுவதில்லை. உள்ளே வரும் வாயுவைச் சுழலவிட்டு அனுப்புகிறார்கள். சுழலும்போது கனமான குளிர்ந்த வாயு சுவரோரம் ஒதுங்கி ஒரு மெல்லிய உறையாகிறது. குளிர்ந்த வாயு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே மின்னோட்டம் முழுவதும் நடுவிலேயே நெருங்கி ஓட வேண்டியிருக்கிறது. சுவரை எவ்வளவு குளிர வைக்கிறோமோ அவ்வளவுக்கு மின்வில் ஒடுங்கும். ஒடுங்க ஒடுங்க நடு இன்னும் சூடாகும். குளிர்ச்சியைக் கொண்டு வெப்பத்தைப் பெருக்கும் இந்த ஏற்பாடுதான் பிளாஸ்மா டார்ச்சின் உயிர்நாடி.

அந்தச் சுழற்சி தகட்டிலும் தன் கைரேகையைப் பதிக்கிறது. வாயு ஒரு திசையில் சுழல்வதால் வெட்டின் இரு சுவர்களும் ஒன்றுபோல் அமைவதில்லை. பெரும்பாலான டார்ச்சுகளில், அது நகரும் திசைக்கு வலப்புறச் சுவர் நேராக நிற்கும், இடப்புறச் சுவர் கூடுதலாகச் சரியும். ஆகவே ஒரு பாகத்தின் வெளிக்கோட்டைக் கடிகார முள் சுற்றும் திசையிலும், அதன் உள்ளே வரும் துளைகளை எதிர்த் திசையிலும் வெட்டுகிறார்கள். இரண்டிலும் நல்ல சுவர் பாகத்தின் பக்கம் வரும், கெட்ட சுவர் கழிவோடு போகும். சி.என்.சி. மேசையில் டார்ச் ஏன் சில நேரம் இப்படியும் சில நேரம் அப்படியும் சுற்றுகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

டங்ஸ்டன் முனை, ஆர்கான், நைட்ரஜன் போன்ற வாயுக்களில்தான் தாக்குப்பிடிக்கும். ஆக்சிஜனோ சாதாரணக் காற்றோ பட்டால் நொடிகளில் எரிந்து தீரும். ஆனால் பட்டறைக்கு மலிவாகக் கிடைப்பது கம்ப்ரசர் காற்றுதான். அதற்காகச் செப்பு மின்முனையின் நுனியில் ஹாஃப்னியம் என்ற உலோகத்தைச் சிறு பொட்டாகப் பதிக்கிறார்கள். வேலை செய்யும்போது அந்தப் பொட்டின் மேற்பரப்பு உருகிய நிலையிலேயே இருக்கும். அதன் மேல் உருவாகும் ஹாஃப்னியம் ஆக்சைடு 2,700 டிகிரிக்கு மேலும் தாங்கி நின்று எலக்ட்ரான்களை உமிழும். மின்வில்லை அணைக்கும் ஒவ்வொரு முறையும் உருகிய உலோகத்தில் கொஞ்சம் தெறித்துப் போகிறது. ஆகவே எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைவிட எத்தனை முறை ஏற்றி அணைத்தோம் என்பதே மின்முனையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நீளமான கோடுகளை வெட்டுபவருக்கு அது நாள்பட உழைக்கும். சிறுசிறு துளைகளாகப் போடுபவருக்குச் சீக்கிரம் குழி விழுந்துவிடும்.

வெட்டி முடிந்த ஓரத்துக்கு வருவோம். சிவக்கக் காய்ந்த இரும்பு, பக்கத்திலிருக்கும் குளிர்ந்த தகட்டால் சட்டென்று குளிர்விக்கப்படுகிறது. கொல்லன் உலையில் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பது இங்கே தானாகவே நடந்துவிடுகிறது. கார்பன் கூடுதலாக உள்ள எஃகில் ஓரம் கடினமாகிவிடும். அந்த ஓரத்தையொட்டித் துளையிட்டு மரை போடப் போனால் அதற்கான டேப் கருவி முறியும். காற்றைக் கொண்டு வெட்டியிருந்தால் இன்னொரு சங்கடமும் உண்டு. காற்றிலுள்ள நைட்ரஜன் உருகிய இரும்பில் கரைந்து ஓரத்திலேயே தங்கிவிடும். அதன் மேல் அப்படியே வெல்டிங் செய்தால் பற்றவைப்புக்குள் குமிழ்கள் விழும். அதனால்தான் அழுத்தக் கலன், கொதிகலன் வேலைகளில் பிளாஸ்மாவில் வெட்டிய ஓரத்தைக் கிரைண்டர் போட்டுத் தேய்த்துவிட்டே வெல்டரிடம் கொடுக்கிறார்கள்.

வேகத்தில் பிளாஸ்மா சளைத்ததில்லை. நல்ல கருவி 25 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் நிமிடத்துக்கு ஒன்றரை மீட்டர் வெட்டிச் செல்லும். அதற்குத் தரும் விலை புகையும் சத்தமும் கண்ணைப் பறிக்கும் புற ஊதா ஒளியும். எவர்சில்வரை வெட்டும்போது எழும் புகையில் அறுமதிப்புக் குரோமியம் இருக்கும்; அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது உறுதிப்பட்ட செய்தி. தகட்டைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வெட்டினாலோ, மேசைக்கு அடியிலிருந்து புகையை உறிஞ்சினாலோ இந்த ஆபத்து பெருமளவு குறையும். மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு எவர்சில்வர் வெட்டும் இளைஞர்கள் நம் ஊர்ப் பட்டறைகளில் இருக்கிறார்கள். கைக்குட்டை அந்தப் புகைக்குத் தடையே இல்லை. இதை முதலாளிகளும் தெரிந்துகொள்ள வேண்டும், அந்த இளைஞர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

லேசரின் கதை 1960 மே 16 அன்று தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மெய்மன் ஒரு செயற்கை மாணிக்கக் கல்லிலிருந்து முதல் லேசர் ஒளியை வரவழைத்தார். அது ஆய்வக அதிசயம். உலோகத்தை வெட்டும் தொடர்ச்சியான வலு அதற்கு இல்லை. அந்த வலுவைத் தந்தது கார்பன் டை ஆக்சைடு லேசர். 1964ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அதை உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். 1967 மே மாதம் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகிலிருந்த வெல்டிங் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் 300 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் குவித்து, ஒளி விழும் இடத்தில் கூடவே ஆக்சிஜனையும் பீய்ச்சி, 1 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டினார். பழைய கேஸ் கட்டிங்கின் சூட்சுமம்தான் இது. சுடருக்குப் பதிலாக ஒளி வந்து இரும்பைப் பற்றவைக்கிறது, மீதியை ஆக்சிஜன் பார்த்துக்கொள்கிறது. இன்றும் இரும்பை ஆக்சிஜனோடு லேசரில் வெட்டும்போது, வெட்டுக்குச் செலவாகும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி இரும்பு எரிவதிலிருந்தே வருகிறது.

ஒளியால் எப்படி இரும்பு உருகும் என்று கேட்டால் பதில் குவிப்பில் இருக்கிறது. 4 கிலோவாட் என்பது பெரிய சக்தி இல்லை. வீட்டில் இரண்டு வாட்டர் ஹீட்டர்கள் ஓடினால் அவ்வளவுதான். அதை 0.1 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள புள்ளியில் குவித்தால், அந்தப் புள்ளியில் விழும் ஒளியின் செறிவு உச்சிவெயிலைவிட ஏறத்தாழ 50 கோடி மடங்கு ஆகிவிடும். உலோகம் அந்த வெப்பத்தைச் சுற்றுப்புறத்துக்குக் கடத்துவதற்குள் உருகிவிடுகிறது; கூடவே வரும் வாயு உருகியதைக் கீழே தள்ளிவிடுகிறது. தொட்டு அழுத்தும் கருவி எதுவும் இல்லாததால் மெல்லிய பாகம்கூட நெளிவதில்லை. இதயத்தின் ரத்தக் குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட், 2 மில்லிமீட்டர் அளவுள்ள உலோகக் குழாயில் 0.1 மில்லிமீட்டருக்கும் மெல்லிய சட்டங்கள் மட்டும் மிஞ்சும்படி லேசரால் வெட்டி எடுக்கப்படுவது. வேறு எந்த முறையாலும் இவ்வளவு நுணுக்கத்தை இவ்வளவு எளிதில் எட்ட முடியாது.

ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரஜனை அழுத்தத்தோடு அனுப்பினால் எதுவும் எரியாது; ஓரம் வெள்ளியாகப் பளபளக்கும். எவர்சில்வர் பாகங்களுக்கு அதுதான் வழக்கம். நைட்ரஜன் நிறையச் செலவாகும் என்பதால் இரும்புக்குப் பலரும் ஆக்சிஜனையே தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆக்சிஜனில் வெட்டிய ஓரத்தில் கறுப்பாக ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் படியும். அது இரும்போடு இறுகப் பிடிப்பதில்லை. அதன் மேல் பவுடர் கோட்டிங் போட்டால் வண்ணம் தோலைப் பிடித்துக்கொள்ளும், தோல் இரும்பை விட்டுவிடும். சில மாதங்களில் ஓரத்திலிருந்து வண்ணம் பெயரும். வண்ணம் பூசியவரைத் திட்டுவார்கள். காரணம் வெட்டிய வாயு. இப்போது வீடுதோறும் வரும் மயிலும் கொடியுமான இரும்புக் கேட்டுகளில் துரு முதலில் அந்தப் பூவேலையின் ஓரங்களில் தலைகாட்டுவதை நீங்களும் பார்த்திருக்கலாம். ஓரத்தை அமிலத்தாலோ தேய்த்தோ சுத்தம் செய்துவிட்டு வண்ணம் பூசினால் இது வராது.

கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். செம்பும் அலுமினியமும் அதைக் கிட்டத்தட்ட முழுவதும் திருப்பியடித்துவிடும். கண்ணாடி இழையில் அனுப்பவும் முடியாது. ஆடிகளை வைத்துத்தான் வளைத்துக் கொண்டுவர வேண்டும். பிறகு வந்த ஃபைபர் லேசரில் இட்டெர்பியம் கலந்த கண்ணாடி இழையிலேயே ஒளி பிறக்கிறது. அலைநீளம் 1 மைக்ரோமீட்டரை ஒட்டியது. உலோகம் அதை மேலும் நன்றாக உள்வாங்கும். மின்சாரத்தை ஒளியாக்கும் திறனும் பழையதைவிடப் பலமடங்கு கூடுதல். 2010களில் தகடு வெட்டும் தொழில் முழுவதையும் ஃபைபர் லேசர் புரட்டிப்போட்டது. 1 மில்லிமீட்டர் எவர்சில்வர் தகட்டில் நிமிடத்துக்கு 20, 30 மீட்டர் என்று அது ஓடுவதைக் கண்ணால் தொடர்வதே சிரமம். ஆனால் அந்த ஒளி கண்ணுக்குள் புகுந்து விழித்திரையில் குவியக்கூடியது. எங்கோ பட்டுத் தெறித்த சிறு பங்குகூடப் பார்வையைப் பறித்துவிடும். ஃபைபர் எந்திரங்களை முழுவதும் மூடி, தனிவகைக் கண்ணாடிச் சாளரம் வைப்பது அதற்காகத்தான். எந்திரத்தின் கதவைத் திறந்துவைத்து ஓட்டுவது வீரம் இல்லை.

பழையது செத்துவிடவும் இல்லை. ஃபைபர் லேசரின் ஒளி தெளிவான அக்ரிலிக் வழியே ஒன்றும் செய்யாமல் கடந்து போய்விடும். கார்பன் டை ஆக்சைடு ஒளியையோ அக்ரிலிக்கும் மரமும் காகிதமும் துணியும் அப்படியே விழுங்கும். பெயர்ப்பலகைக் கடையிலும் பூவேலைத் திருமண அழைப்பிதழிலும் அதன் ஆட்சி தொடர்கிறது. பி.வி.சி.யை மட்டும் லேசரில் வைக்கவே கூடாது. சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும். எந்திரத்தையும் அரிக்கும், நுரையீரலையும் அரிக்கும்.

இனி தண்ணீர். மூன்றிலும் என் மனம் அதிகம் நிலைப்பது இதில்தான். 1950களில் நார்மன் ஃபிரான்ஸ் என்ற அமெரிக்க வனப் பொறியாளர் மரத்தை அறுக்க ரம்பத்துக்கு மாற்று தேடினார். தண்ணீர்த் தூணின் மேல் பெரிய எடையைத் தொப்பென்று விழவைத்து, அந்தத் தண்ணீரை ஒரு நுண்துளை வழியே பீறிட வைத்தார். நொடிப்பொழுதுக்கு மட்டுமே கிடைத்த அந்தப் பீற்று மரத்தையும் பிறவற்றையும் வெட்டியது. அதை இடைவிடாமல் ஓடவைக்கும் பம்பும் கசியாத சீலும் கிடைத்து, தொழிற்சாலைக்குள் வர 1970கள் ஆயின.

இன்றைய எந்திரத்தில் தண்ணீரின் அழுத்தம் வழக்கமாக 4,000 பார், சிலவற்றில் 6,000. பசிபிக் பெருங்கடலின் மிக ஆழமான பள்ளத்தின் அடியில் இருக்கும் அழுத்தமே சுமார் 1,100 பார்தான். எண்ணெய் தள்ளும் பெரிய பிஸ்டன் ஒன்று, அதன் இருபதில் ஒரு பங்கு பரப்புள்ள சிறு பிஸ்டனைத் தள்ளுகிறது. 200 பார் எண்ணெய் அழுத்தம் 4,000 பார் நீரழுத்தமாகிறது. நீரை அமுக்க முடியாது என்று பள்ளியில் படித்தோம். இந்த அழுத்தத்தில் அது பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகவே சுருங்கிவிடும். அந்த நீர், நீலமணி அல்லது வைரத்தில் போட்ட 0.3 மில்லிமீட்டர் துளை வழியே நொடிக்கு 800 மீட்டருக்கும் கூடுதலான வேகத்தில், அதாவது ஒலியைப்போல் இரண்டரை மடங்கு வேகத்தில், வெளியேறுகிறது. செலவாவது நிமிடத்துக்கு மூன்று, நான்கு லிட்டர்தான். வெறும் நீராகவே அது கேக்கையும் உறைந்த மீனையும் நுரைப்பஞ்சையும் குழந்தைகளின் டயப்பரையும் வெட்டும். கத்தி மழுங்குவதும் இல்லை, கழுவ வேண்டியதும் இல்லை. மனித உடலையும் அது அப்படித்தான் நடத்தும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் காயத்துக்குள் நீர் ஆழமாகப் புகுந்து தசையைக் கிழித்திருக்கும். உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

வெறும் நீருக்கு எஃகு வளையாது. 1979ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த ஃப்ளோ நிறுவனத்தில், எகிப்திலிருந்து வந்த முகமது ஹாஷிஷ் நீரோடு மணலைச் சேர்க்கும் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பீறிடும் நீர் தன் பின்னால் ஒரு வெற்றிடத்தை உண்டாக்கும். அது பக்கத்துக் குழாயிலிருந்து மணலைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் நீளமுள்ள டங்ஸ்டன் கார்பைடு குழாய்க்குள் நீர் மணலுக்குத் தன் வேகத்தைக் கொடுக்கிறது. அந்த ஒரு சாண்கூட இல்லாத பாதையில், நின்றுகொண்டிருந்த மணல் துணுக்கு நொடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தை எட்டிவிடுகிறது. இப்போது வெட்டுவது நீர் இல்லை, மணல். நீர் அதற்கு வாகனம். எஃகில் ஒவ்வொரு துணுக்கும் கண்ணுக்குத் தெரியாத சீவல் ஒன்றைச் சீவி எடுக்கிறது. கண்ணாடியிலும் கல்லிலும் நுண்ணிய விரிசல்களை உண்டாக்கிப் பெயர்த்தெடுக்கிறது. ஆறுகள் யுகக்கணக்கில் பாறையிடம் செய்வதும் இதுவே.

அந்த மணல் எந்த மணல் என்பதில் நமக்கு நேரடியான தொடர்பு இருக்கிறது. ஹாஷிஷ் தேர்ந்தெடுத்ததும் இன்றுவரை உலகெங்கும் பயன்படுவதும் கார்னெட். கடினமானது, உடைந்தாலும் கூர்முனைகளோடு உடைவது. தனிச் சிலிக்கா இல்லாததால், சாதாரண மணல்போல நுரையீரலைப் பாழாக்காதது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையைப்போல, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைகளும் அதற்குப் பேர்போனவை. அலை வாங்கிச் சென்றபின் மணலில் செங்கருப்பாகத் தெரியும் வரிகளில் கார்னெட் இருக்கிறது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருநிலம் ஒன்றுசேர்ந்த காலத்தில், நிலத்துக்கடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் தமிழகத்தின் தென்முனைப் பாறைகளுக்குள் விளைந்த படிகங்கள் இவை. மலை தேய்ந்து, ஆறு சுமந்து, கடல் சலித்து ஒதுக்கியவை. அந்தத் தாது மணலோடு சேர்ந்தே சிர்கானும் கிடக்கிறது. சிர்கானுக்குள் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு ஹாஃப்னியம் உண்டு. அணு உலைக்கான சிர்கோனியத்தில் ஹாஃப்னியம் இருக்கவே கூடாது. அது நியூட்ரான்களை விழுங்கிவிடும். அப்படிப் பிரித்து விலக்கிய ஹாஃப்னியம்தான் பிளாஸ்மா மின்முனைக்குப் போகிறது. வாட்டர்ஜெட்டின் பல்லும் பிளாஸ்மாவின் நாக்கும் ஒரே வகைக் கடற்கரை மணலில் அருகருகே கிடக்கின்றன.

இந்த மணல் அள்ளப்பட்ட விதம் நம் மீனவ ஊர்களுக்கு ஆறாத வடு. 2013ல் தமிழக அரசு தாது மணல் எடுப்பதற்குத் தடை விதித்தது. வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டன. இந்த மணலைச் சிக்கனமாகச் செலவிட இன்னொரு காரணமும் உண்டு. வாட்டர்ஜெட்டின் ஓட்டச் செலவில் பெரும்பங்கு கார்னெட்டுக்கே போகிறது. நிமிடத்துக்கு 300, 400 கிராம், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 20 கிலோ. பயன்படுத்திய மணலைச் சலித்து உலர்த்தி ஒரு பகுதியை மீண்டும் பயன்படுத்த முடியும். பலரும் செய்வதில்லை, செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

வாட்டர்ஜெட்டின் ஓரத்தில் சூட்டின் தடம் இல்லை. கடினமாவதில்லை, நிறம் மாறுவதில்லை, நெளிவதில்லை. வேறு ஒரு தடம் இருக்கிறது. மேல்பாதி வழவழப்பாகவும் கீழே போகப்போக வரிவரியாகவும் இருக்கும். அந்த வரிகள் பின்னோக்கி வளைந்திருக்கும். ஓடும் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே பிடித்த துண்டின் நுனி பின்னால் பறப்பதுபோல, நாசில் முன்னே நகர, நீர்த்தாரையின் வால் தகட்டுக்குள் பின்தங்குகிறது. நேர்கோட்டில் இதனால் நட்டமில்லை. மூலை திரும்பும்போதுதான் வால் குறுக்கே இழுபட்டு, மேலே சரியாக இருக்கும் மூலை அடியில் சிதைந்துவிடும். ஆகவே மூலை நெருங்கும்போது எந்திரம் வேகத்தைத் தணித்து, வால் வந்து சேரும்வரை காத்திருந்து திரும்புகிறது. வெட்டின் சுவர் ஆப்புபோல் குறுகுவதைச் சரிசெய்ய, தலையையே ஓரிரு டிகிரி சாய்த்து, சரிவு முழுவதையும் கழிவின் பக்கம் ஒதுக்குகிறார்கள்.

மெதுவானது என்பது மட்டும் மாறாது. பிளாஸ்மா நிமிடத்துக்கு ஒன்றரை மீட்டர் ஓடும் அதே 25 மில்லிமீட்டர் எஃகில் இது பத்து சென்டிமீட்டர் நகர்ந்தால் பெரிது. இரும்பு அடிப்பலகைகளை வாட்டர்ஜெட்டில் வெட்டுவது காசைத் தண்ணீரில் போடுவது. ஆனால் டைட்டானியத்துக்கும், கார்பன் இழைப் பலகைக்கும், கிரானைட்டில் பதிக்கும் பூவேலைக்கும், கண்ணாடிக்கும், ரப்பரும் உலோகமும் மாறிமாறி ஒட்டிய அடுக்குக்கும் இதற்கு இணையில்லை. அங்கும் முதல் துளை போடும்போது எச்சரிக்கை வேண்டும். அடி திறக்காத துளைக்குள் அடித்த நீர், வெளியேற வழியின்றி அடுக்குகளுக்கு இடையே புகுந்து பிளந்துவிடும். கண்ணாடியாக இருந்தால் விரிசல் ஓடும். அதனால் அழுத்தத்தைக் குறைத்துத் துளைத்து, பிறகு ஏற்றுகிறார்கள். கடினப்படுத்திய டஃபன்டு கண்ணாடியை மட்டும் வாட்டர்ஜெட்டாலும் தொட முடியாது. உள்ளே இழுவிசையும் வெளியே அழுத்தமும் பூட்டி வைத்த பொருள் அது. எங்கே வெட்டினாலும் மொத்தமும் நொறுங்கும்.

எந்த முறை சிறந்தது என்று கேட்டு வருகிறவர்களிடம் நல்ல பட்டறைக்காரர், அந்த ஓரத்தை அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார். வெல்டிங்கா, வண்ணமா, மரையா, அப்படியே பார்வைக்கு வைப்பதா? தகட்டின் கனமும் விலையும் அதற்குப் பிறகுதான் வரும். இப்போது 20, 30 கிலோவாட் ஃபைபர் லேசர்கள் வந்து, முன்பு பிளாஸ்மாவுக்கே உரியதாக இருந்த கனத்த தகடுகளையும் வெட்டத் தொடங்கிவிட்டதால் எல்லைக்கோடுகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன.

ஒளியையும் நீரையும் ஒன்றாக்கிய ஒரு முறையும் உண்டு. வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளி வெளியேறாமல் கூடவே வளைந்து செல்லும் என்று ஜெனீவாவில் டேனியல் கொல்லடான் 1840களின் தொடக்கத்திலேயே காட்டியிருந்தார். 1990களில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பெர்னால்ட் ரிச்செர்ஹாகன், தலைமுடி அளவு மெல்லிய நீர்த்தாரைக்குள் லேசரைச் செலுத்தி அதைக் கருவியாக்கினார். சாதாரண லேசர் ஒரு புள்ளியில் குவிந்து அதற்கப்பால் விரிந்துவிடும்; கனமான பொருளில் சுவர் நேராக வராததற்கு அதுவும் ஒரு காரணம். நீருக்குள் அடைபட்ட ஒளியோ பல மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரே அகலத்தில் செல்கிறது. ஒளி துடிப்புத் துடிப்பாக வருகிறது; இரண்டு துடிப்புகளுக்கு இடையே அதே நீர் சுவரைக் குளிர்வித்து, உருகிய துணுக்குகளைக் கழுவிச் செல்கிறது. இங்கே நீரின் அழுத்தம் குறைவு, வெட்டும் வேலையில் அதற்குப் பங்கில்லை. வைரத்தை அறுக்கவும், ஜெட் எஞ்சினின் டர்பைன் அலகுகளில் குளிர்காற்றுத் துளைகள் இடவும் இந்த முறை இன்று பயன்படுகிறது.